காலை ஒன்று, இரவு ஒன்று

சித்தூர்
9-2-2025

அன்புத் தங்கை சுலோச்சனாவுக்கு அண்ணன் பக்கிரிசாமி எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உன் அண்ணி செல்லியம்மாவும் சுகம். திருப்பதியில் நீயும் உன் மகள் அகிலாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிய வேண்டும்.

கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைக்காதே. நானேதான். யாரும் எழுதித் தரவில்லை. மேலே இருக்கும் இரண்டு வரிக்கே ஒரு சாயங்காலம் ஆனது. வெல்ல மண்டிக்குப் பின்னால் சங்கக் கட்டடத்தில் எங்களைப் போன்ற மூட்டை தூக்கிய ஆட்களுக்கு வகுப்பு நடக்கிறது. தெலுங்குதான் சொல்லித் தருகிறார்கள். “எனக்குத் தெலுங்கு எழுத்து வேணாம் டீச்சர். என் தங்கச்சி தமிழ்தான் படிப்பா” என்றேன். வைஜயந்தி டீச்சர் சிரித்தார். மறுநாள் எனக்கு மட்டும் தனியாக ஒரு தமிழ்ப் புத்தகம் கொண்டுவந்தார். ஆறு மாதமாகப் படிக்கிறேன். எழுபது வயதில் என் பெயரை நானே எழுதிப் பார்த்த அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷம்தான்.

இனிமேல் போனில் பேசுவதைக் குறைத்துக்கொள்வோம். போனில் நீ பேசியது மறுநாள் எனக்கு ஞாபகம் இருப்பதில்லை. கடிதம் என்றால் எடுத்து எடுத்துப் படிக்கலாம்.

உனக்கு முழங்கால் வலி என்று அகிலா சொன்னாள். மெஸ்ஸில் நாள் முழுக்க இட்லிப் பானை முன்னால் நின்றால் வலிக்காமல் என்ன செய்யும்? எனக்கும் அதே முழங்கால்தான். எங்கள் தெரு மெடிக்கல் ஷாப் குணா கொடுக்கும் செட் மாத்திரைதான் நாலு வருஷமாக என்னை நடக்க வைக்கிறது. வலிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. அட்டையிலிருந்து கத்தரித்துச் சின்னக் காகிதக் கவரில் போட்டுத் தருவான். பெயர் எனக்குத் தெரியாது. பெயரா வலியைப் போக்குகிறது? ஒரே வயிற்றில் பிறந்த நம் இரண்டு பேருக்கும் ஒரே மருந்துதான் கேட்கும். இருபது செட் இதனுடன் வைத்திருக்கிறேன்.

குணா வழக்கமாகக் கவரின் மேல் கோடு கோடாகக் கிறுக்குவான். இந்த முறை அவன் பேனாவை வாங்கி நானே எழுதினேன். ‘காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பிட்ட பிறகு.’ கடையில் நின்ற நாலு பேரும் பார்த்தார்கள்.

மெதுவாக எழுதினாலும் பரவாயில்லை, பதில் எழுது.

உன் அண்ணன்
பக்கிரிசாமி


திருப்பதி
20-2-2025

அன்புள்ள அண்ணனுக்கு, சுலோச்சனா வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். அகிலா சுகம். அண்ணி சுகமா, அண்ணியின் வாய் சுகமா என்று எழுதவும்.

அண்ணா, உன் கடிதம் வந்த அன்று வேலைக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனேன். மெஸ் முதலாளி பத்மாவதியம்மா கத்த வாயைத் திறந்தார். கடிதத்தை எடுத்து நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, “இன்னாம்மே இது, ஒவ்வொரு எழுத்தும் மெதுவடை சைஸ்ல இருக்குது! உங்க அண்ணன் ராமாயணம் எழுதுனா லாரிலதான் ஏத்திக்கினு வரணும்” என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு கழுவும் இடத்தில் போய்க் கொஞ்சம் அழுதேன். சின்ன வயதில் நகரியில் என்னை மட்டும் பள்ளிக்கு அனுப்பி உன்னை மண்டிக்கு அனுப்பினார்கள். அதை நினைத்துத்தான்.

உன் மாத்திரை அருமையான மாத்திரை. இரண்டே நாளில் கால் என் பேச்சைக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து இறங்கிய கூட்டம் மொத்தமும் எங்கள் மெஸ்ஸில்தான் நின்றது. காலை நாலரைக்குப் பற்றவைத்த அடுப்பை மத்தியானம் மூன்றுக்குத்தான் அணைத்தேன். “இன்னைக்கு இன்னா நொண்டாம நடக்கற?” என்று பத்மாவதியம்மா கேட்டார். “எங்க அண்ணன் வைத்தியம்” என்றேன்.

டாக்டர் கொடுத்த மாத்திரை ஏற்கனவே இரண்டு சாப்பிடுகிறேன். உன்னுடையது மூன்றாவது. அந்த இரண்டும் எனக்கு என்ன செய்கிறது என்றே தெரியவில்லை. உன்னுடையது செய்வது நன்றாகத் தெரிகிறது.

நீ எழுதிய கவரைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. வைத்திருக்கிறேன். இன்னும் முப்பது செட் கிடைத்தால் அனுப்பு.

தங்கை
சுலோச்சனா


சித்தூர்
9-3-2025

அன்புத் தங்கைக்கு அண்ணன் ஆசீர்வாதம். நாங்கள் நலமே. உன் உடம்புக்கும் அகிலா உடம்புக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

உன் கடிதத்தை எழுத்துக் கூட்டிப் படித்து முடிக்க இரண்டு நாள் ஆனது. ராமாயணத்தை லாரியில் ஏற்றும் இடத்தில் நானே சிரித்துவிட்டேன். உன் அண்ணிதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். “நாப்பது வருசமா குடும்பம் பண்றேன். எனக்கு ஒரு வரி எழுதனியா? தங்கச்சிக்கு மட்டும் கடுதாசி கடுதாசியா போவுது” என்கிறாள். “நீ பக்கத்துலயே குந்திக்கினு இருக்கறியே, தபால் செலவு எதுக்கு?” என்றேன். அன்று சாம்பாரில் உப்பு இல்லை.

அறுபது செட் வைத்திருக்கிறேன். குணாவிடம் வாங்கும்போது ஒரு வேடிக்கை. “இன்னா பெத்தாயனா, ரெண்டு ஆள் மாத்திரை ஒரே ஆளா துன்ற?” என்றான். தெலுங்குக்காரர்களோடு பழகிப் பழகிப் பெரியப்பா என்பதை அப்படித்தான் சொல்வான். “எனக்கில்லடா, திருப்பதில இருக்கற தங்கச்சிக்கு” என்றேன். “அவங்களுக்கு சுகர், பிரஷர் ஏதாச்சும் இருக்குதா?” என்று கேட்டான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்க வம்சத்துலயே கெடையாதுடா. எங்க நைனா சாகற அன்னிக்குக் காலையில கூட மண்டிக்குப் போனாரு” என்றேன். வாயை மூடிக்கொண்டு கத்தரித்துக் கொடுத்தான்.

இந்தக் கவர்களின் மேல் எழுத்தைச் சின்னதாக எழுதியிருக்கிறேன், பார்த்தாயா? பத்மாவதியம்மாவிடம் காட்டு.

அண்ணன்
பக்கிரிசாமி


திருப்பதி
3-4-2025

அண்ணனுக்கு வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். நீயும் அண்ணியும் அப்படியே இருக்க வேண்டும்.

பதில் தாமதமாகிவிட்டது. உகாதி விடுமுறைக் கூட்டம். வெயில் ஆரம்பித்துவிட்டது. அடுப்புப் பக்கம் நின்றால் புடவை நனைந்துவிடுகிறது. அந்தச் சூட்டில் தண்ணீர் குடிக்கக்கூட நினைவு வருவதில்லை. சாயங்காலம் ஆனால் செருப்பு காலில் ஏற மறுக்கிறது. நின்றுகொண்டே இருப்பதால்தான். வேறொன்றுமில்லை.

இரண்டு வேளை போதவில்லை என்று மத்தியானமும் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். நின்றால்தானே வேலை. பத்மாவதியம்மா நல்லவர்தான். ஆனால் உட்கார்ந்துகொண்டு இட்லி ஊற்றுகிறவளை யார் வைத்துக்கொள்வார்?

இனிமேல் கடிதத்தை வீட்டுக்குப் போடாதே. மெஸ் விலாசத்துக்குப் போடு. அகிலாவுக்கு எதற்கெடுத்தாலும் கேள்வி. ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ்ஸில் போகிறவள், வருகிறவள். அவளுக்கு எதற்கு இதெல்லாம்.

முடிந்தால் தொண்ணூறு செட் அனுப்பு.

சுலோச்சனா


சித்தூர்
20-4-2025

அன்புத் தங்கைக்கு. இங்கு சுகம். அங்கும் சுகம் என்றே நம்புகிறேன்.

போன தடவை நீ எழுதியது முக்கால் பக்கம்தான். எண்ணிப் பார்த்தேன். ஐந்தாவது வரை படித்த உனக்கு முக்கால் பக்கம், ஒன்றுமே படிக்காத எனக்கு இரண்டு பக்கமா? இது என்ன நியாயம்?

நீ கேட்டபடி தொண்ணூறு வைத்திருக்கிறேன். கவர் தடிப்பாகிவிட்டது. “லோபல ஏமுந்தி?” என்று தபால் ஆபீசில் கேட்டார்கள், உள்ளே என்ன இருக்கிறதென்று. “எங்க அன்பு உந்தி” என்றேன். முத்திரை குத்தும் அம்மாள் சிரித்துவிட்டாள்.

மாம்பழக் கூழ் ஃபாக்டரியில் சீசனுக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்திருக்கிறது. மே பத்தாம் தேதியிலிருந்து லீவு கிடையாது. கேட்டில் லாரி நம்பர்களை நானே நோட்டில் எழுதப் போகிறேன். போன வருஷம் வேறொருவரை எழுதச் சொல்லிக் கெஞ்சினேன்.

ஒரு முழுப் பக்கமாவது எழுது.

அண்ணன்
பக்கிரிசாமி


சித்தூர்
18-5-2025

சுலோச்சனாவுக்கு.

நாங்கள் சுகம். நீ சுகமா இல்லையா என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ எழுதவில்லை.

நாலு வாரம் ஆகிறது. தினமும் ஃபாக்டரிக்குப் போகும் முன் தபால்காரர் வழியைப் பார்க்கிறேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே சைக்கிளில் போய்விடுகிறார். மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும் அகிலாதான் எடுத்தாள். “அம்மா தூங்குது மாமா” என்கிறாள். பகல் பதினோரு மணிக்கு என்ன தூக்கம்? உனக்கு என்னோடு பேச இஷ்டமில்லை என்றால் அதை ஒரு கடிதத்தில் எழுது. படிக்கத் தெரியும் எனக்கு.

ஒன்று சொல்கிறேன். எழுத்து தெரிந்தவர்களுக்கு எழுத்தின் அருமை தெரிவதில்லை. ஒரு வரி எழுத எனக்குக் கை கடுக்கிறது. நீ கரண்டி பிடிக்கிற நேரத்தில் எழுதிவிடலாம். இருந்தும் எழுதவில்லை.

கோபம் கோபமாக இருக்கட்டும். உன் முழங்கால் என்ன பாவம் செய்தது? பத்து செட் வைத்திருக்கிறேன்.

பக்கிரிசாமி


திருப்பதி
24-5-2025

மாமாவுக்கு அகிலா வணக்கம். அத்தையும் நீங்களும் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

உங்கள் கடிதத்தை மெஸ்ஸிலிருந்து பத்மாவதியம்மா பிரிக்காமல் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா அதைப் பார்த்ததும் கையிலிருந்து பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுவிட்டது. படிக்கக் கண் தெளியவில்லை.

மாமா, அம்மா தூங்கவில்லை. பன்னிரண்டாம் தேதியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறது. உங்களிடம் பேசக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டது. அதனால் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் முகம் வீங்கியது. பிறகு வாந்தி. ஒரு நாள் முழுக்கச் சிறுநீரே போகவில்லை. மெஸ்ஸில் அடுப்புப் பக்கத்திலேயே விழுந்துவிட்டது. இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை என்றார்கள். கழுத்தில் குழாய் போட்டு மூன்று தடவை மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். இது திரும்பி வருமா, இல்லை வாழ்நாள் முழுக்க வாரத்துக்கு மூன்று நாள் மெஷின்தானா என்று டாக்டராலேயே இன்னும் சொல்ல முடியவில்லை.

“வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா, என்ன பெயர், எத்தனை நாள்?” என்று டாக்டர் தினமும் கேட்கிறார். அதைத் தெரிந்துகொண்டால்தான் மேற்கொண்டு என்ன செய்வதென்று முடிவு செய்ய முடியுமாம். அம்மா, “ஒண்ணும் துன்னல சார்” என்கிறது. எவனோ ஒருவன் பெயர் தெரியாத மாத்திரையைக் கொடுத்திருக்கிறான் என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது. யார் என்று கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறது.

அகிலா


சித்தூர்
26-5-2025

அகிலாவுக்கு மாமா எழுதுவது.

உன் கடிதத்தைப் படித்து முடித்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனுக்குக் கெட்ட செய்தியும் மெதுவாகத்தான் வருகிறது. ‘கழுத்தில் குழாய்’ என்பதைப் படித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆனதென்று உனக்குத் தெரியாது.

பதினைந்து நாள் என்னிடம் சொல்லாமல் மறைத்தீர்களே, நான் செத்தா போய்விட்டேன்? ஃபாக்டரியில் மாற்று ஆள் கேட்டிருக்கிறேன். கிடைத்த அடுத்த பஸ்ஸில் வருகிறேன். அதற்குள் இது உன் கைக்கு வர வேண்டும் என்று திருப்பதிக்குக் கூழ் ஏற்றிப் போகும் வேன் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

யார் அந்தப் பாவி? அந்த ஊர்க் கடைக்காரனா? மெஸ்ஸில் கூட வேலை செய்கிறவர்கள் யாராவதா? ஒரு பெண் பிள்ளை, படிப்பு வாசனை உள்ளவள், அவளையே ஏமாற்றிக் கண்ட மாத்திரையைத் துன்ன வைத்திருக்கிறான். கண்டுபிடித்து வை. நான் வந்து அவன் கடை ஷட்டரை இழுத்துச் சாத்தாமல் விட மாட்டேன். மூட்டை தூக்கிய கை இது.

உன் அம்மா மீதும் எனக்குக் கோபம். நான் நல்ல மாத்திரை மாதா மாதம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நாலு வருஷமாக நானே சாப்பிடுகிறேன், ஒரு நாள் தலைவலி வந்ததில்லை. அது இருக்கும்போது எவனோ கொடுத்ததை ஏன் துன்ன வேண்டும்?

டாக்டரிடம் இதைக் காட்டு. குணாவிடம் கத்தரிக்காமல் முழு அட்டையாகக் கேட்டு வாங்கினேன். ‘இந்த மாதிரி நல்ல மாத்திரைதான் அம்மாவின் அண்ணன் பிப்ரவரியிலிருந்து கொடுத்துக்கொண்டிருந்தார், கெட்டது வேறு எதுவோ’ என்று சொல். அவருக்கு அடையாளம் தெரியும்.

அவள் பக்கத்திலேயே இரு.

மாமா


திருப்பதி
28-5-2025

மாமாவுக்கு.

நீங்கள் சுகமா என்று கேட்க வேண்டும். கேட்கிறேன். உண்மையாகவே கேட்கிறேன். ஏன் என்று கடைசியில் எழுதுகிறேன்.

உங்கள் அட்டையை டாக்டரிடம் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தார். டைக்ளோஃபெனாக் என்று படித்தார். பிறகு சிவப்புக் கட்டத்துக்குள் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று இங்கிலீஷில் போட்டிருக்கிறது. “எத்தனை மாதம்?” என்று கேட்டார். “பிப்ரவரியிலிருந்து” என்றேன். நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அம்மாவுக்கு மூன்று வருஷமாக பிரஷர். அதற்கு ஒரு மாத்திரை, நீர் பிரிய ஒரு மாத்திரை. அந்த இரண்டோடு இந்த வலி மாத்திரை சேரவே கூடாதாம். வலி மாத்திரை கிட்னிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. பிரஷர் மாத்திரை அங்கே இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கிறது. நீர் மாத்திரை உடம்பை வறள வைக்கிறது. மூன்றும் ஒன்றாகப் போனால் கிட்னி என்ன செய்யும்? அதற்கு மேல் அடுப்புச் சூடு, தண்ணீர் குடிக்காதது. இன்னொன்றும் சொன்னார். வலி மாத்திரையே பிரஷரை ஏற்றுமாம், காலை வீங்க வைக்குமாம். ஏப்ரலில் பிரஷர் ஏறிவிட்டதென்று கிளினிக் டாக்டர் மாத்திரையை இரண்டு மடங்காக்கினார். ஏன் ஏறியது என்று அவருக்குத் தெரியாது. அம்மா சொல்லவில்லை.

மெஸ்ஸுக்குப் போனேன். அம்மா டிபன் டப்பா வைக்கும் அலமாரியில் ரவை டின்னுக்குள் கவர்கள் இருந்தன. ஒன்றுகூடக் கிழியாமல், அடுக்கி ரப்பர் போட்டு வைத்திருந்தது. காலை ஒன்று, இரவு ஒன்று. காலை ஒன்று, இரவு ஒன்று. எல்லாம் உங்கள் கையெழுத்து, மாமா.

யார் அந்தப் பாவி என்று கேட்டீர்கள். கண்டுபிடித்து வைக்கச் சொன்னீர்கள்.

அம்மாவிடம் கவர்களைக் காட்டினேன். “அண்ணன் கஷ்டப்பட்டு எழுதிச்சி. போலீஸ் கீலீஸ்னு போயிடாதே” என்றது. கிட்னி போய்விட்ட நிலையில் அதற்கு உங்களைப் பற்றித்தான் கவலை. எனக்கு வயிறு எரிகிறது. பேசினால் தப்பாகப் பேசிவிடுவேன். கொஞ்ச நாள் போன் செய்யாதீர்கள்.

நீங்களும் அந்த மாத்திரையை இன்றே நிறுத்த வேண்டும். ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். நாலு வருஷம் என்று எழுதியிருந்தீர்கள். அதைக் கேட்டதும் டாக்டர் சொன்னது இது.

அகிலா


திருப்பதி
10-8-2025

அன்புள்ள அண்ணனுக்கு சுலோச்சனா எழுதுவது.

என் உடம்பு இப்படி இருக்கிறது: ஜூன் இருபதாம் தேதி வீட்டுக்கு வந்தேன். ஆறு தடவைக்குப் பிறகு மெஷின் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கழுத்துக் குழாயை எடுத்துவிட்டார்கள். கிட்னி பாதிதான் திரும்பியிருக்கிறது. மீதிப் பாதி வராது. உப்பு பாதி, பருப்பு பாதி. ரத்தத்தில் கிரியாட்டினின் என்று ஒன்று பார்க்கிறார்கள். ஒன்றுக்குள் இருக்க வேண்டியது எட்டில் இருந்தது. இப்போது இரண்டு. முழங்கால் வலிக்கிறது. வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே நடக்கிறேன்.

என்ன பெயர் என்று தெரிந்த அன்றுதான் டாக்டர் முகம் தெளிந்தது. “இப்ப தெரிஞ்சிடுச்சி. நிறுத்தியாச்சி. கொஞ்சம் திரும்பி வர வாய்ப்பிருக்குது” என்றார். அந்த அட்டையை நீ கோபத்தில் அனுப்பாமல் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

அண்ணா, எனக்கு இப்போது உன் மீதுதான் கோபம். இரண்டரை மாதம் ஆகிறது. ஒரு வரி இல்லை. ஜூன் மாதம் வெள்ளை வேட்டி கட்டின ஒரு பெரியவர் வார்டு வாசலில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் போய்விட்டார் என்று நர்ஸ் சொன்னாள். உள்ளே வந்து திட்டு வாங்க உனக்குத் தைரியமில்லையா? மே மாதம் எனக்கு என்னென்ன எழுதினாய்! ‘எழுத்து தெரிந்தவர்களுக்கு எழுத்தின் அருமை தெரிவதில்லை’ என்று எழுதினாய். இப்போது யாருக்குத் தெரியவில்லை?

டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். கடிதத்தை நிறுத்தச் சொல்லவில்லை.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். பிரஷர் என்று உனக்கு நான் எழுதவே இல்லை. நைனாவுக்கு இல்லாத வியாதி எனக்கு வந்ததைச் சொல்ல வெட்கமாக இருந்தது. கால் வீங்கியபோது ‘சுகம்’ என்று எழுதினேன். இரண்டு என்று நீ எழுதியதை மூன்று ஆக்கினேன். டாக்டரிடம் பொய் சொன்னேன். அகிலா உன்னைத் திட்டி எழுதியதில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

வேலைக்குப் போகிறேன். பத்மாவதியம்மா ஒரு ஸ்டூல் போட்டுக் காய் நறுக்கச் சொல்லிவிட்டார். சம்பளம் குறைவு. “ஒக்காந்துக்கினே வேலை செய்டி, செத்தா யாரு பதில் சொல்றது?” என்கிறார். அவர் அன்பாகப் பேசினால் அப்படித்தான்.

ரத்தம் கொடுத்துப் பார்த்தாயா? அகிலா தினமும் கேட்கிறாள். கோபமாகத்தான் கேட்கிறாள், ஆனால் கேட்கிறாள். எழுது.

சுலோச்சனா


சித்தூர்
24-8-2025

அன்புத் தங்கை சுலோச்சனாவுக்கு அண்ணன் எழுதுவது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். திட்டிய இடங்களை நாலு தடவை.

பேனாவை எடுக்கவே கை வரவில்லை. எடுத்தால் காலை ஒன்று, இரவு ஒன்று என்றுதான் கண்ணில் தெரிந்தது. வகுப்புக்கும் போகவில்லை. வைஜயந்தி டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. “அந்தக் கடைக்காரன் கிட்ட இதுவரைக்கும் ஒரு வார்த்தையாவது கேட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் போனேன்.

“நீதானடா குடுத்த” என்றேன்.

குணாவும் சும்மா இல்லை. “உனக்குத்தான் பெத்தாயனா குடுத்தேன். தங்கச்சிக்குன்னதும் பிரஷர் இருக்குதான்னு கேட்டேனா இல்லியா? நீ இன்னா சொன்ன? வம்சத்துலயே கெடையாதுன்ன” என்றான்.

அவன் சொன்னது உண்மைதான் சுலோச்சனா. கேட்டான். நான்தான் வீம்பு பேசினேன். நீ இரண்டு மாத்திரை சாப்பிடுவதாக எழுதியிருந்தாயே, அது எதற்கு என்று உன்னிடமாவது கேட்டேனா? எழுத்தைப் படித்தேன். எழுதியதைப் படிக்கவில்லை.

ஆனால் அப்படியே திரும்பிவர முடியவில்லை. “சரிடா. அது என் தப்பு. என் தங்கச்சி கிட்ட ஒத்துக்கறேன். எனக்கு நாலு வருசமா குடுத்தியே, எந்த டாக்டர் சீட்டப் பார்த்துக் குடுத்த? ஒரு நாளாச்சும் எனக்கு பிரஷர் பார்த்தியா? சீட்டு இல்லாம விக்கக் கூடாதுன்னு செவப்புக் கட்டம் போட்டு எழுதியிருக்குதே, அதைத்தானே கத்தரிச்சிப் போட்டுட்டுக் குடுத்த?” என்றேன். கடையில் ஆறேழு பேர் நின்றார்கள். அவன் மாத்திரை டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தான். “எல்லாக் கடைலயும் இப்பிடித்தான் பெத்தாயனா” என்றான். “அப்ப எல்லாக் கடை வாசல்லயும் வந்து கத்தறேன். எனக்கு இன்னா வேலை?” என்றேன்.

என் பின்னால் ஒரு அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் செட் வாங்கத்தான் வந்திருந்தாள். “ஏம்மா, பிரஷர் மாத்திரை துன்றியா?” என்று கேட்டேன். “உனக்கின்னாய்யா அதெல்லாம்?” என்று எரிந்து விழுந்தாள். “என் தங்கச்சி துன்னா. கிட்னி பூடுச்சி” என்றேன். கையில் வாங்கிய கவரைப் பார்த்தாள். குணாவிடம் திருப்பி நீட்டி, “இதும் பேர எழுது. நான் டாக்டர் கிட்ட கேட்டுட்டுத்தான் துன்னுவேன்” என்றாள். எழுதினான். வேறு வழியில்லாமல் எழுதினான்.

இப்போது தினமும் சாயங்காலம் அந்தக் கடைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். யார் செட் கேட்டாலும் பிரஷர் உண்டா, சுகர் உண்டா என்று கேட்கிறேன். பாதிப் பேர் என்னைப் பைத்தியம் என்கிறார்கள். குணா போலீசைக் கூப்பிடுவேன் என்கிறான். கூப்பிடட்டும். அவனிடம் வருவது நின்றால் வேறு கடைக்குப் போய் வாங்குவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தால் கோபம் குறையவா போகிறது?

அகிலாவிடம் சொல். ரத்தம் கொடுத்தேன். பிரஷர் நூற்றெழுபது. நம் வம்சத்தில் அது உண்டு, நான்தான் பார்த்ததில்லை. கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஏழு. அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா திட்டினார். வலி மாத்திரை இனி தொடக் கூடாது. பிரஷருக்கு ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அதன் பெயரை அட்டையைப் பார்த்து இங்கிலீஷ் எழுத்தில் அப்படியே வரைந்து இதனுடன் தனித் தாளில் வைத்திருக்கிறேன். சரியாக இருக்கிறதா என்று அகிலாவைப் பார்க்கச் சொல்.

நீ சாப்பிடும் ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் எழுதி அனுப்பு. எதற்கு என்பதையும் எழுது. கால் வீக்கம் எப்படி, சிறுநீர் எப்படி, எத்தனை டம்ளர் தண்ணீர், அடுத்த பரிசோதனை எந்தத் தேதி, எல்லாம் வேண்டும். சுகம் என்று ஒரு வார்த்தையில் முடித்தாயானால் முதல் பஸ் ஏறி வந்துவிடுவேன். இந்தத் தடவை கண்ணாடிக்கு வெளியே நிற்க மாட்டேன்.

உன் அண்ணன்
பக்கிரிசாமி